அம்மாவிடம் மறைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, 'வயிற்றில் புண்' என்றுதான் அவரிடம் சொன்னோம். மனம் உடைந்துவிடக் கூடாதே என்று, மாத்திரை அட்டையில் பெயர் இருந்த பகுதியைக்கூடக் கத்தரித்துவிட்டே கொடுத்தோம். ஒருநாள் அந்த வெட்டிய ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "என்னை ஏன் குழந்தையாக்கிட்டீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மருத்துவர்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தார்கள். 1961இல் சிகாகோவில் நடந்த ஆய்வில், சுமார் 90 சதவீத மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979இல் அமெரிக்காவிலேயே நடந்த இன்னோர் ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள்.

ஒருவரைக் கேட்காமலே அவர் நன்மைக்காக முடிவெடுக்கலாமா? தூக்கத்தில் நடப்பவரை மாடிப்படி விளிம்பில் பிடித்து நிறுத்தலாம், சரி. அந்த நேரத்தில் அவருக்குச் சுயநினைவு இல்லை. அம்மா அப்படியா இருந்தார்? கடைசி வரை வீட்டுக் கணக்கை அவர்தான் பார்த்தார்.

சித்தியோடு அம்மாவுக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. நேரம் குறைவு என்று தெரிந்திருந்தால் அவரே கூப்பிட்டுப் பேசியிருப்பார். நோய் தெரிந்தபின் அவருக்கு இருந்தது மூன்றே மாதங்கள். அவற்றை அவரிடமிருந்து பறித்தது நோய் அல்ல, நாங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்