ஐயர், சாமி, பாஸ்டர், அப்புறம் உன் மகன்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பெர்த்துக்கும் நமக்கும் மணியில்கூட வித்தியாசம் இல்லை. போனைத் தட்டினால் முகம் பார்த்துப் பேசிவிடலாம். ஆனால் முகம் பார்த்துப் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். போன கிறிஸ்துமஸுக்கு அப்படித்தான் சொன்னாய். சாங்கியில் வழியனுப்பும்போதும் உன் முகம் தெளியவில்லை. அதிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி.

அன்று ஆராதனை முடிந்து கீழே எல்லாரும் பீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் மகன் கையில் மைலோ பாக்கெட்டோடு நேராகப் பாஸ்டரிடம் போனான். அவர் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க பிரசங்கம் ரொம்ப நீளம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். (48 நிமிடம். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்தான்.) பக்கத்தில் நின்ற அக்காமார் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய் அதட்டினேன். பிள்ளை அழுதுவிட்டான். டாக்சியில் நீ கேட்டாய்: "ஒருத்தரையும் பிதான்னு சொல்லாதீங்க, ரபீன்னு கூப்பிட வைக்காதீங்கன்னு இயேசுவே சொல்லியிருக்காரேப்பா, அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மத்தேயு 23. உனக்குத் தெரிந்ததைவிட அது எனக்கு இன்னும் கொஞ்சம் சங்கடமானது, ஏனென்றால் நான் அதைத் தமிழில் படிக்கிறேன். ஆங்கிலத்தில் ரபீ, ஃபாதர் என்று வருவதைப் பார்த்து, அது யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் சொன்னது என்று நம் ஆட்கள் தப்பித்துக்கொள்வார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எட்டாம் வசனம் கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகர் என்கிறது. ஒன்பதாம் வசனம் பரலோகத்தில் இருக்கிறவரே பிதா என்கிறது. பத்தாம் வசனம் குருக்கள் என்றும் அழைக்கப்படாதிருங்கள் என்கிறது. போதகர் என்பது மெதடிஸ்ட்காரர்களான நாம் பாஸ்டருக்கு வைத்திருக்கும் பெயர். குருவானவர் என்பது ஆங்கிலிக்கன் சபைக்காரர்கள் சொல்வது. ஃபாதர் கத்தோலிக்கர்கள் சொல்வது. மூன்று சபைக்கும் மூன்று வசனத்தில் வீட்டுக்கு வீடு வந்து சொன்னமாதிரி இருக்கிறது! அந்தப் பகுதியைச் சபையில் வாசிக்கும்போது "போதகர்" என்ற இடத்தில் பாஸ்டர் குரலே சற்று இறங்கும். கவனித்திருக்கிறேன்.

அப்படியானால் நான் ஏன் பையனை அதட்டினேன்? அதற்கு என் ஆச்சி வரைக்கும் போகவேண்டும்.

செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்த என் அப்பா, பிறகு ஆச்சியையும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரவழைத்தார். ஆச்சி சாகும்வரை பாஸ்டர் என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. ஆச்சிக்குப் பாஸ்டர் "ஐயர்", பாஸ்டரின் மனைவி "ஐயரம்மா". இங்கே பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகள், நீங்கள் பிராமணர்களா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்த ஊர் வழக்கம் அது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த மிஷனரிகள் கால்டுவெல்லும் ஜி. யு. போப்பும்கூட நம் ஜனங்கள் வாயில் கால்டுவெல் ஐயர், போப் ஐயர்தான். அதற்கு ரொம்ப முன்னால் மதுரைக்கு வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நொபிலிக்குத் தத்துவ போதகர் என்றே பெயர். உன் அம்மா வழியில் கதை வேறு. அவர்கள் ஆஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவில்காரர்கள்; 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகத் திறந்த கோவில் அது. உன் தாத்தா அங்கே குருவைப் பார்த்தால் "ஸ்தோத்திரம் சாமி" என்று கை குவிப்பார். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆனபிறகும் எனக்கு அந்த "சாமி" தொண்டையை விட்டு வரவில்லை. "வாங்க ஃபாதர்" என்று ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்வேன்.

தமிழில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழியே கிடையாது, மகளே. உன் அம்மா நாற்பது வருஷமாக என்னை "என்னங்க" என்கிறாள். டாக்சி ஓட்டுகிற சீனரும், காப்பிக் கடையில் மேசை துடைக்கிறவரும் நமக்கு அங்கிள். அப்படி இருக்க, வாரம் தவறாமல் ஜெபம் பண்ணி, கல்யாணம் நடத்தி, மண்டாய் தகனச்சாலைக்கு வந்து நம் ஆட்களை வழியனுப்பி வைக்கிறவரை வெறும் பெயரில் கூப்பிட்டால் காதுக்கு அது சமத்துவமாகக் கேட்கவில்லை, "வாடா போடா" மாதிரி கேட்கிறது. உன் சபையில் பாஸ்டரை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊர்ப் பேச்சுக்குப் பொருந்தும். அந்த ஊரில் நீ உன் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாய்.

பட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்த சபைகளும் தமிழர்களுக்குள் உண்டு. பிரதரன் சபைக்காரர்கள் 'பிரதர்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன்: முன்வரிசைப் பெரியவர் ஒருவரைச் சுட்டி "பிரதர் வந்துட்டாரு" என்று சொல்லும்போது குரலை எவ்வளவு தாழ்த்துகிறார்கள் தெரியுமா! ஒரு பிஷப்புக்குக்கூட நம் ஆட்கள் அவ்வளவு தாழ்த்தமாட்டார்கள். மரியாதையைக் கதவு வழியாக வெளியே தள்ளினால் அது ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இவ்வளவு பேசிவிட்டு, நீ சொன்னது தப்பு என்று எழுதப்போகிறேன் என்று நினைக்காதே. சபை புல்லட்டினை 22 வருஷம் தட்டச்சு செய்தவன் நான். பட்டம் மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கனம் யாருக்கு, மகா கனம் யாருக்கு, அருட்திரு எங்கே போடவேண்டும், ரெவரண்டுக்கு முன்னால் டாக்டரா பின்னால் டாக்டரா, எல்லாம் மனப்பாடம். ஒருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் பிரசங்கத்துக்கு வந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் போட விட்டுப்போயிற்று. அவர் பிரசங்க மேடையில் ஏறியதும் புல்லட்டினை உயர்த்திப் பிடித்து, "இந்தச் சபை என்னை இன்னும் அறிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது" என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். மாலை ஆராதனைக்கு 150 பிரதி புதிதாக அடித்தேன். அன்றைய பிரசங்கம் கர்த்தர் சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி. இதை நான் கற்பனை செய்யவில்லை, உன் அம்மாவைக் கேள். இப்போது வாட்ஸப்பில் வருகிற கூட்ட விளம்பரங்களில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். டாக்டரே பரவாயில்லை என்று தோன்றுகிறது. ரெவரண்ட் என்ற சொல் பழைய ஆங்கில வேதாகமத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, 111ஆம் சங்கீதத்தில், அதுவும் கடவுளின் நாமத்துக்கு. அதே இடத்தில் நம் தமிழில் "பயங்கரமுமானது" என்றிருக்கிறது. புல்லட்டினில் அதை அப்படியே பெயர்த்துப் போட்டிருந்தால் சிலருக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

டாக்சியில் நீ கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழு பதில் இல்லை, ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. எட்டாம் வசனமும் பத்தாம் வசனமும் "அழைக்கப்படாதிருங்கள்" என்கின்றன. அது கூப்பிடுகிறவர்களுக்குச் சொன்ன வார்த்தை இல்லை, கூப்பிடப்படுகிறவர்களுக்குச் சொன்னது. சந்தைவெளியில் வணக்கம் கிடைக்கவேண்டும், விருந்தில் முதல் இடம் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட வேதபாரகரையும் பரிசேயரையும் காட்டி ஜனங்களிடமும் சீஷர்களிடமும் சொன்னது. நடுவில் உள்ள ஒன்பதாம் வசனம் மட்டும் கூப்பிடுகிற நம்மைப் பார்த்துப் பேசுகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பவுல், சுவிசேஷத்தினால் நான் உங்களைப் பெற்றேன் என்று கொரிந்தியருக்குத் தகப்பனாகப் பேசுகிறார். அதே பவுலை பேதுரு தன் நிருபத்தில் எழுதும்போது "பிரியமான சகோதரன்" என்பதோடு முடித்துவிடுகிறார். நன்றாய் நடத்துகிற மூப்பர்களை இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரராக எண்ணவேண்டும் என்றும் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. ஆக, கொடுப்பது என் வேலை. கேட்காமலிருப்பது அவர் வேலை. அவர் வேலையை அவர் செய்யாவிட்டாலும் என் வேலையை நான் செய்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான் எனக்கு எட்டியது.

நம் மெதடிஸ்ட் சபையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிஷப்பையே நான்கு வருஷத்துக்கு என்று தேர்ந்தெடுக்கிறோம். காலம் முடிந்து மறுபடி தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் இன்னொருவர் வருவார். நாற்காலி நிற்கும், ஆள் இறங்குவார். இறங்குவார் என்று தெரிந்து கொடுக்கிற மரியாதையில் கொஞ்சம் ஆரோக்கியம் இருக்கிறது.

இன்னொருவரையும் நினைத்துக்கொண்டேன். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டார்: எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று. இரண்டே வருஷத்தில் தோர்ணக்கலுக்கு பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். நண்பர்கள் வேண்டும் என்று கேட்ட மனுஷனுக்கே மகா கனம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவரை நண்பனாகக் கூப்பிட எத்தனை பேருக்கு வாய் வந்திருக்கும்?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன ஞாயிறு பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, உங்க பேரன் மறுபடி எப்ப வர்றான்?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தடுத்துவிட்டார். "எங்கம்மா போனப்புறம் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரிகூட ஆள் முன்னாடி பாஸ்டர்னுதான் சொல்றா. அன்னைக்கு அவன் கூப்பிட்டதும் யாரையோ கூப்பிடுறான்னு திரும்பிப் பார்த்தேன்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பீஹூன் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டுவைத்தேன்.

இன்னொன்று, இது உன் அம்மாவுக்கும் தெரியாது. போன மாதம் புல்லட்டினில் பூ அலங்காரம் செய்தவர்கள் பட்டியலில் என் பெயர் வந்தது. இப்போது தட்டச்சு செய்கிற தம்பி வெறும் பெயரைப் போட்டிருந்தான், திரு இல்லை. 22 வருஷம் எல்லாருக்கும் திரு போட்டவனுக்கு ஒரு திரு இல்லையா என்று மூன்று நாள் எரிந்தது. பட்டம் கேட்கிற ஆசை மேடையில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை லீவுக்கு வருகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். பையனிடம் தாத்தா அதட்டினது தப்பு என்று இப்போதே சொல்லிவிடு, வந்தபிறகு நானும் சொல்கிறேன். கூட்டத்தில் "பாஸ்டர் அங்கிள்" என்று சொன்னால் அக்காமார் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். தனியாக இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது என்பதை அவனும் அவரும் பேசிக்கொள்ளட்டும். பிரசங்கம் நீளம் என்று சொன்னதற்கு மட்டும் அவன் மன்னிப்புக் கேட்கவேண்டாம். இன்றைக்கு அவர் 35 நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அன்புடன்,
அப்பா