டப்பாவில் வரும் விடுமுறை மிச்சம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. வழக்கமாக இந்த வாரக் கடிதத்தில் கால அட்டவணை, சீருடை, நூலகப் புத்தகம் என்று எழுதுவேன். அதையெல்லாம் வகுப்பாசிரியர்களே அனுப்பிவிட்டார்கள், அதனால் இந்த முறை சாப்பாட்டு டப்பாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நேற்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் குப்பை வாளிக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் எங்கேயும் சும்மா நிற்பதில்லை என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், வாளியை நோக்கி வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் மாட்டிக்கொண்டாள். திறந்து காட்டச் சொன்னேன். கை படாத டப்பா. சோறு கட்டி தட்டிப்போய்க் கிடந்தது, ஓரத்தில் சுருங்கிய காய்கறி, அதற்கு மேல் காய்ந்த கோழித் துண்டு இரண்டு.

"ஏம்மா சாப்பிடல?"

"திங்கக்கிழமையும் இதான், நேத்தும் இதான், இன்னைக்கும் இதான் மிஸ்."

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டாரையும் குறை சொல்ல மாட்டேன். விருந்தாளிகள் வருகிற நாளில் போதாமல் போய்விடக்கூடாதே என்று ஒரு பிடி கூடப் போடாதவர் யார்? என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் இன்றைக்கும் ஏதாவது ஒரு டப்பா காலில் வந்து விழும். ஆனால் வாளியைப் பார்த்தபோது அந்தப் பெண் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரிந்தது, மணி அடிப்பதற்குள் அது நிரம்பிவிட்டது.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். கல்யாண மண்டபமும் ஹோட்டலும்தான் காரணம் என்று நாம் நினைப்போம், ஆனால் அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. வீட்டுக் கணக்கு மட்டும் ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோ. தோல், எலும்பு எல்லாம் சேர்த்துத்தான், இருந்தாலும் எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தினால் வருகிற எடை அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் மிச்சத்தை வெறுப்பதில்லை. நேற்று பார்த்த அதே முகத்தோடு அது மறுபடி வருவதைத்தான் வெறுக்கிறார்கள். உருவத்தை மாற்றிக் கொடுங்கள், சாப்பிட்டுவிடுவார்கள். ஆனால் உருவத்தை மாற்றுவதற்கு முன்னால், சமைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் அப்புறம் எந்தக் கைப்பக்குவமும் உதவாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பண்டிகை இரவு, களைப்பில் பெரிய பாத்திரத்துச் சோற்றை மூடி அடுப்பு மேலேயே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் முகர்ந்து பார்த்தேன், வாடை ஒன்றும் இல்லை. நன்றாகச் சூடாக்கினால் எந்தக் கிருமியும் செத்துவிடும் என்ற தைரியத்தில் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி. மறுநாள் பள்ளிக்கு லீவு. அரிசியோடு வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிவிடும் என்றும், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும் என்றும், வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்றும் அப்புறம்தான் படித்தேன். அறிவியல் பாடம் நடத்தியவள்தான் நான், ஆனால் என் சமையலறைக்குள் அந்தப் பாடம் வந்து சேர அவ்வளவு நாள் ஆயிற்று.

அதனால் சமைத்த எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க வேண்டாம். வெயில் கொளுத்துகிற நாளில், 32 டிகிரிக்கு மேல் போனால், ஒரு மணி நேரம்தான். சூடான பண்டத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, முழுக்க ஆறட்டும் என்று ராத்திரி முழுவதும் வெளியில் விட்டுவிடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அந்த ஆறுகிற நேரம்தான் கிருமிகளுக்கு விருந்து. அகலமான தட்டிலோ ஆழம் குறைந்த டப்பாவிலோ பரப்பினால் சீக்கிரம் ஆவி அடங்கிவிடும், உடனே உள்ளே வைத்துவிடலாம். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், பிதுங்கப் பிதுங்க அடைத்தால் அந்தக் குளிர் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. சோற்றை மறுநாளே முடித்துவிடுங்கள். மற்ற சமைத்த பண்டங்களுக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு நாள். நேற்று நான் பார்த்த அந்தக் கோழித் துண்டு திங்கட்கிழமைக்கு முன்பே சமைத்தது, அந்தப் பெண் அதைச் சாப்பிடாதது ஒருவகையில் நல்லதுதான். சூடாக்குவது ஒரே ஒரு முறை, சாப்பிடப்போகிற அளவை மட்டும், நடுப்பகுதி வரை ஆவி பறக்க. மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறிவிடுங்கள், ஓரம் கொதிக்கும்போதும் நடுவில் ஜில்லென்று இருக்கும்.

பயமுறுத்தல் முடிந்தது. இனி சுவாரசியமான பகுதி.

ஒழுங்காக ஆறவைத்து எடுத்து வைத்த சோறு மறுநாள் ஒரு வரம். ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்கிறது, மேலே இருந்த ஈரமும் வற்றிவிடுகிறது, அதனால் வறுக்கும்போது குழையாமல் பருக்கை பருக்கையாக நிற்கும். அப்போதே வடித்த சோற்றில் இது வராது. முதலில் கையை லேசாக நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். சட்டி நன்றாகக் காயட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சூடு இறங்கிச் சோறு வறுபடாமல் வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். மிஞ்சிய காய்கறியைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் சேருங்கள், அது ஏற்கெனவே வெந்ததுதானே. முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் ஒரு முட்டை. பத்து நிமிஷ வேலை. முந்தின நாள் சோறு என்று சத்தியம் செய்தாலும் பிள்ளை நம்பாது.

ரொட்டியிலும் இதே மாவுச்சத்துக் கதைதான், ஆனால் அங்கே அது நமக்கு எதிரி. ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிட வேகமாக வறண்டுபோகும். இரண்டு நாளில் தீராது என்று தோன்றினால் துண்டு போட்டு நேராக ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், வேண்டும்போது எடுத்து அப்படியே டோஸ்ட் செய்யலாம். ஏற்கெனவே வறண்டுபோனதா? பாலும் முட்டையும் அடித்து அதில் நனைத்துப் பொரித்தால், வறண்ட துண்டுதான் புதுத் துண்டைவிட நன்றாக உறிஞ்சிக்கொண்டு உடையாமல் இருக்கும். சதுரமாக வெட்டி வறுத்தால் சூப்பில் மிதக்கவிடலாம். நன்றாகக் காயவைத்துப் பொடித்து ஒரு பாட்டிலில் போட்டு வையுங்கள், அடுத்த பத்தியில் வேலை இருக்கிறது. பூசணம் பிடித்த ரொட்டியில் மட்டும் சமாதானம் வேண்டாம். அந்தப் பச்சைப் புள்ளியைக் கிள்ளி எறிந்தால் போதாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், முழுதாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேகவைத்த உருளைக்கிழங்கும் மிஞ்சிய காய்கறியும் இருந்தால் கட்லெட். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பாதிப் பேருக்கு அது எண்ணெயில் பிரிந்துபோவதற்குக் காரணம் ஈரம். மசித்ததை வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் கிளறி ஈரத்தை ஓட்டிவிட்டு, மேலே சொன்ன ரொட்டித்தூளில் கொஞ்சம் கலந்து, மீதியில் புரட்டி, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரியுங்கள். தட்டுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். என் பேரன் போன வாரம் ஆமை செய்தான். நான்கு காலும் தலையும் வாலும் வைத்து, ஓட்டில் முள்கரண்டியால் கோடு போட்டு, அரை மணி நேரம் அதிலேயே மூழ்கிவிட்டான். எண்ணெயில் போட்டதும் கால் நான்கும் தனித்தனியாக நீந்திப் போய்விட்டன. அழப்போகிறான் என்று நினைத்தேன், "நாலு குட்டி ஆமை பாட்டி" என்று எண்ணி எண்ணிச் சாப்பிட்டான். முந்தின நாள் அதே காய்கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிய பையன் அவன்.

மிஞ்சிய இறைச்சியை எலும்போடு வைக்காமல் அன்றே உதிர்த்து வைத்தால் மறுநாள் சாண்ட்விச்சுக்கும் சூப்புக்கும் கை எட்டுகிற இடத்தில் இருக்கும். எலும்பையும், கேரட் முனை, வெங்காயத்தின் அடி, கீரைத்தண்டு என்று நறுக்கும்போது ஒதுக்குகிறவற்றையும் ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்து வாருங்கள், பை நிறைந்ததும் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப்புக்கு அடித்தண்ணீர் தயார். கேக் காய்ந்துவிட்டால் உதிர்த்து, டம்ளரில் ஒரு அடுக்கு கேக், ஒரு அடுக்கு பழம், மேலே கொஞ்சம் கெட்டித் தயிரோ கஸ்டர்டோ. கறுத்த வாழைப்பழம் கெட்டுப்போனது இல்லை, மாவுச்சத்து சர்க்கரையாக மாறியது, அவ்வளவுதான். உரித்து, வில்லையாக நறுக்கி, உறையவைத்து மிக்சியில் அடித்துப் பாருங்கள். வேறு எதுவும் சேர்க்காமல் ஐஸ்கிரீம் மாதிரியே வரும், எங்கள் ஆசிரியர் அறையிலேயே அதற்கு அடிதடி.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விட்டுப்போன சாலட், எத்தனை நாளானது என்று யாருக்கும் நினைவில்லாத டப்பா, இவற்றை வைத்துப் படைப்பாற்றல் காட்ட வேண்டாம். பச்சைக் காய்கறித் தோலும் பழத்தோலும் இருந்தால் தோட்டத்து மட்கு குழிக்குக் கொடுத்தனுப்பலாம், காய்ந்த இலை எங்களிடம் நிறைய இருக்கிறது. சமைத்தது, எண்ணெய் பட்டது, இறைச்சி மட்டும் வேண்டாம், எலிகளோடு நாங்கள் ஏற்கெனவே பேச்சுவார்த்தையில் இருக்கிறோம்.

இனி, தலைமையாசிரியராகக் கொஞ்சம் கறாராக ஒன்று. மிச்சத்தை உருமாற்றும்போது உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. கேக்கில் மேலே தூவியிருந்த முந்திரி எல்லோருக்கும் தெரியும், அதே கேக்கை உதிர்த்து உருண்டை பிடித்தால் யாருக்குத் தெரியும்? வேர்க்கடலை, முந்திரி, முட்டை, பால், எள் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள், ஒரு கடி போதும் மூச்சு முட்டுவதற்கு. அதனால் மிச்சத்தில் செய்த பண்டங்களை வகுப்பில் பகிர்ந்துகொள்ளக் கொடுத்தனுப்பாதீர்கள். பிறந்தநாளாக இருந்தாலும் சரி. பகிர்வது நல்ல குணம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம், இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம் என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

டப்பா கட்டும்போது, சூடாக அனுப்புவதென்றால் முதலில் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடுங்கள். குளிர்ச்சியாக அனுப்புவதென்றால் ராத்திரியே உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள், மதியத்துக்குள் குடிக்கவும் ஆகிவிடும். வெதுவெதுப்பாக மட்டும் வேண்டாம்.

பரிசுப் பொட்டலம் சுற்றிய காகிதம், அட்டைப்பெட்டி, ரிப்பன் எல்லாம் ஓவிய ஆசிரியருக்கு வேண்டுமாம். காகிதத்தைக் கையில் கசக்கிப் பார்த்தால் கசங்கியே இருப்பது பழைய காகிதக் கட்டோடு போகலாம். விரிந்துகொண்டு வருவதில் பிளாஸ்டிக்கோ உலோகப் படலமோ இருக்கும், மறுசுழற்சிக்கு ஆகாது, அதை எங்களுக்குக் கொடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். வீட்டில் எது மிஞ்சியது, அது என்னவாக மாறியது என்று நான்கு வரியும் ஒரு படமும். ஊற்றிக்கொண்டது என்றாலும் அதையே எழுதலாம், அந்தத் தாள்களைத்தான் நான் முதலில் படிப்பேன். சாப்பாட்டுக் கூடச் சுவரில், வாளிக்கு நேர் மேலே ஒட்டப்போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: என் மேசையில் இப்போது ஒன்பது டப்பா மூடிகளும் மூன்று டப்பாக்களும் இருக்கின்றன. எதற்கும் எதுவும் பொருந்தவில்லை. நீல மூடியில் பூனைப் படம் ஒட்டியிருக்கிறது. உங்களுடையது என்றால் சாயங்காலம் அழைக்க வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.