வாசற்கதவும் ஹாலும்: நடுவில் இருந்த ரேழி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலும் புறநகரிலும் கட்டப்படும் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் வாசற்கதவைத் திறந்தால் நேராக ஹால். கூரியர்காரர் கையெழுத்து வாங்கும் அரை நிமிடத்தில் டிவியில் என்ன ஓடுகிறது, சோபாவில் யார் படுத்திருக்கிறார், உள்ளறைக் கட்டிலில் என்ன துணி குவிந்திருக்கிறது என்பதுவரை தெரிந்துவிடும். திண்ணை, ரேழி, அதற்குப் பிறகு கூடம் என்று கட்டிய வீடுகளில் செருப்பைக் கழற்றவும், குடையை மடக்கவும், வந்தவரை நிறுத்திப் பேசவும் ரேழி என்ற அந்த இடைநடை இருந்தது. இப்போது அந்த வேலையும் ஹாலின் தலையில்.

காரணம் கணக்குதான். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி வீட்டுக்குள் இருக்கும் நடையும் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பில், சேரும். 4-க்கு 4 அடியில் ஒரு சின்ன ரேழி என்றால் 16 சதுர அடி. சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்தால் 1,12,000 ரூபாய். வாங்குபவருக்கு அது வீண் இடமாகத் தெரிகிறது. கட்டுநர் அதை ஹாலோடு சேர்த்து, வரைபடத்தில் 'லிவிங் கம் டைனிங்' என்று எழுதிவிடுகிறார்.

இதில் அதிகம் பேசப்படாதது, கீல் எந்தப் பக்கம் என்பது. ஹாலின் மூலையில், பக்கச் சுவரை ஒட்டி வாசல் இருக்கும் வீட்டில் கீலைச் சுவர்ப் பக்கமாகவே பெரும்பாலும் அடிக்கிறார்கள். கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், இடம் மிச்சம். ஆனால் ஒரு சாண் திறந்தாலே ஹால் முழுக்க வெளியே தெரியும். கீலை ஹால் பக்கம் மாற்றினால் பாதி திறந்த கதவே மறைப்பாகிவிடும். வெளியே நிற்பவர் பார்ப்பது பக்கச் சுவரை மட்டும். நிலை, அதாவது கதவுச் சட்டம், வைக்கும்போதே சொன்னால் இதற்குத் தனிச் செலவு கிடையாது. பிறகு மாற்றவும் முடியும், ஏனென்றால் நிலையில் கதவு உட்காரும் பள்ளம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் 5 அங்குலக் கீல்கள் நான்கின் பழைய வெட்டுகளைத் தேக்குத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். நாக்கைத் திருப்பிப் போட முடியாத பூட்டென்றால் புதிது வாங்க வேண்டும். பழைய கைப்பிடித் துளைகள் கதவின் முகத்திலேயே நிற்கும், பித்தளைத் தகடு போட்டுத்தான் மறைக்கலாம். ஹால் பக்கம் இருந்த சுவிட்ச் போர்டு திறந்த கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் என்பதால் அதையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். இதை மறந்துவிட்டு இருட்டில் கதவைச் சுற்றிவந்து விளக்குப் போடும் வீடுகள் நிறைய.

அடுத்து தரை. மூன்றரை அடிக் கதவின் கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் மொத்தம் சுமார் 106 சதுர செ.மீ. சுவரில் 10 செ.மீ. நீள அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டதற்குச் சமம். ஹாலில் ஏசி வைத்தவர்களின் குளிர்ச்சி போவதும், கரப்பான்பூச்சி வருவதும் அந்த வழியாகத்தான். ரப்பர் பட்டை ஒட்டினால் டைல்ஸில் தேய்ந்து சில மாதங்களில் கிழியும். பிரஷ் பட்டை நீடிக்கும். தேங்காய்நார் மிதியடி பெரும்பாலும் 15 மி.மீ.க்கு மேல் தடிமன். அதைக் கதவுக்கு உள்பக்கம் போட்டால் கதவு இடிக்கும். உடனே கதவின் அடியைச் சீவச் சொல்வார்கள், இடைவெளி இன்னும் பெரிதாகும். நார் மிதியடி வெளியே, மெல்லிய பருத்தி மிதியடி உள்ளே என்பதே சரி.

செருப்பு ஸ்டாண்டைப் பொது நடைபாதையில் வைப்பது தீ விபத்தின்போது ஓடும் வழியை அடைப்பது. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பது சமாதானம் ஆகாது. உள்ளே வைக்க, செருப்பு சாய்ந்து நிற்கும் அலமாரி போதும். அதற்கு 8, 9 அங்குல ஆழமே தேவை. முழுக்க மூடிய பெட்டியாகச் செய்தால் ஐப்பசி, கார்த்திகையில் தோல் செருப்பெல்லாம் பூஞ்சை பிடிக்கும். கதவிலும் பின்பலகையிலும் ஓர் அங்குலத் துளைகள் விட வேண்டும்.

சோபாவைச் சுவரோடு ஒட்டிப்போடும் பழக்கத்தால், உள்ளே வருகிறவர் ஒவ்வொரு முறையும் டிவியை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. பத்தடி அகல ஹாலில் சுவருக்கும் சோபா முதுகுக்கும் நடுவே 3 அடி வழி, சோபா 3 அடி, டிவி அலமாரி ஒன்றரை அடி போக இரண்டரை அடி மிஞ்சும். நடை சோபாவுக்குப் பின்னால் போய்விடும். டீபாய்க்கு மட்டும் இடமில்லை. அது இல்லாமலும் காபி குடிக்கலாம்.

வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவே தடுப்பு வைக்க நினைப்பவர்கள் முதலில் கதவு சுழலும் வட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைய வேண்டும். மூன்றரை அடிக் கதவென்றால் வாசலிலிருந்து 4 அடி தள்ளித்தான் தடுப்பு நிற்க முடியும். மேல்தளம்வரை ப்ளைவுட்டால் அடைத்தால் காற்றும் வெளிச்சமும் நின்றுவிடும். ஓர் அடி ஆழம், 4 அடி அகலத்தில், கீழே செருப்பு அலமாரி, மேலே இடைவெளி விட்ட ரீப்பர்கள் (மெல்லிய மரச்சட்டங்கள்), மொத்தம் ஆறரை அடி உயரம் என்றால் போதும். அதன் ஒரு முனையையாவது சுவரில் முடுக்காவிட்டால் குழந்தை பிடித்து இழுக்கும் அன்று சாயும். வாடகை வீட்டில் அதே நாலடித் தூரத்தில் ஒரு திரைச்சீலை.

பால்கனி வாசலுக்கு நேர் எதிரே இருந்தால் மாலைக் கடற்காற்றில் கதவு அறைந்து சாத்தும். காந்த ஸ்டாப்பரைக் கீலுக்கு அருகே போடுவதால் கீல் திருகுகள் பிடுங்கிக்கொள்கின்றன. கைப்பிடி முனைக்கு அருகே போட வேண்டும். கதவைத் தானே மெல்லச் சாத்தும் ஹைட்ராலிக் குளோசரைக் கதவின் எடை பார்த்து வாங்கி, அதன் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பவேண்டும். அதிகம் தளர்த்தினால் எண்ணெய் ஒழுகும், பிறகு அது உதவாது.

வீடு வாங்குவோர் விலையைப் பேசும் நேரத்திலேயே, வரைபடத்தில் வாசற்கதவு திறக்கும் வளைவை வரைந்து தரச் சொல்லிக் கேட்கலாம். சில வரைபடங்களில் அந்த இடத்தில் வெறும் இடைவெளிதான் இருக்கும். செங்கல் வேலை முடிந்து நிலை நிறுத்தும்வரை அந்த வளைவை மாற்றுவது எளிது.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேற்பார்வையாளர்,
குரோம்பேட்டை, சென்னை.