கேட்காமல் கை வைப்பவரிடம் தலையைக் கொடுக்காதே

அன்புள்ள கயலுக்கு,

புது ஊரில் முடிக்கு யாரிடம் போவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். பார்லர் வாசலில் நிற்கும்போது எடுத்துப் படிக்க வசதியாக எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் உன் தலையில் என்ன ஏறியிருக்கிறது என்பதை நீ தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள். நீ போட்டிருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர், அதாவது சுருட்டை முடியை நேராக்கும் காரத்தன்மையுள்ள கிரீம். முடிக்குச் சுருளையும் உறுதியையும் தரும் கந்தகப் பிணைப்புகளிலிருந்து அது ஒரு கந்தக அணுவைக் கழற்றிவிடுகிறது. கழன்றது திரும்பி வராது. அதனால்தான் ரிலாக்ஸ் செய்த பகுதி வெட்டி எறியும்வரை நேராகவே இருக்கிறது, வேரிலிருந்து வரும் புதுமுடி மட்டும் சுருண்டு வருகிறது. பெரும்பாலான பார்லர்களில் செய்யும் ரீபாண்டிங், ஸ்மூதனிங் வேறு சங்கதி. அங்கே தயோகிளைகோலேட் கிரீம் பிணைப்புகளை அவிழ்க்கும். அயர்ன் பண்ணி முடியை நேராக்கியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசர் அவற்றை மறுபடி பூட்டும். இரண்டு முடியும் பார்வைக்கு ஒரே மாதிரி நேராகத்தான் தெரியும். ஆனால் ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றினால் முடி அறுந்து கையோடு வரும். எதை முதலில் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

அதனால் போனில் நேரம் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியது இது: "என் முடி ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் போட்டது. உங்களிடம் அதற்குப் பழக்கம் உண்டா?" தொழில் தெரிந்தவர் உடனே எதிர்க்கேள்வி கேட்பார். கடைசியாக எப்போது போட்டது, சோடியமா, ரிலாக்ஸரின் இன்னொரு வகையான குவானிடினா, நடுவில் கலர் அடித்தாயா, பிளீச் உண்டா, ஹென்னா போடுகிறாயா, தலைத்தோலில் புண்ணோ அரிப்போ இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். "எல்லாம் ஒண்ணுதாம்மா, வாங்க பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அங்கே போகாதே. அவர் ரீபாண்டிங்கில் கெட்டிக்காரராகவே இருக்கலாம், உன் முடிக்கு அவர் ஆள் கிடையாது.

ஹென்னாவைப் பற்றிக் கேட்பவர் விவரமானவர். சுத்தமான மருதாணிப் பொடி முடியின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு மருந்து சமமாக இறங்கவிடாது. கருப்பு நிறம் தருவதற்காக உலோக உப்பு சேர்த்த பொடிகள் இன்னும் மோசம், பெராக்சைடு பட்டால் சூடேறி முடியைப் பொசுக்கிவிடும்.

வேலையைக் காட்டும் படங்கள் இருக்கிறதா என்று கேள். மருந்து போட்ட அன்றே எடுத்த படம் எதையும் சொல்லாது, அன்று எல்லோர் முடியும் பளபளக்கும். ஒரே ஆளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்த படம் கேள். நேரில் போனால் அங்கே வழக்கமாக வருகிறவர்களின் நெற்றியோரத்தையும் காதுக்கு மேலே உள்ள முடியையும் கவனி. முடியிலேயே மெல்லியது அங்கேதான் இருக்கிறது. மருந்து அதிக நேரம் கிடந்தாலும், முடியை இறுக்கி இழுத்தாலும் முதலில் வழுக்கை விழுவது அங்கேதான். பல பேருக்கு அந்த ஓரம் மெலிந்திருந்தால் அந்த நாற்காலியில் நீ உட்காராதே.

முதல் தடவை போகும்போது மருந்து வேண்டாம். தலை அலசி, ஆழமான கண்டிஷனிங் செய்து, நுனி வெட்டிக்கொண்டு வா. அந்த ஒரு மணி நேரத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். சிக்கெடுக்கும்போது அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே ஏறுகிறாரா, இல்லை வேரிலிருந்து இழுத்துக் கீழே வருகிறாரா? ஈரமான ரிலாக்ஸ் முடி பலவீனத்தின் உச்சியில் இருக்கும் நேரம் அது, அப்போது இழுத்தால் அறும். வேரை வகுந்து, புதுமுடியும் பழைய முடியும் சேரும் கோட்டைத் தொட்டுப் பார்க்கிறாரா? ஈரமான ஒற்றை முடியை இரண்டு விரலால் மெல்ல இழுத்து, நீண்டு திரும்பிச் சுருங்குகிறதா என்று பார்க்கிறாரா? நல்ல முடி கிட்டத்தட்டப் பாதி நீளம் கூடுதலாக நீண்டு பழைய அளவுக்கு வரும். நீண்டது நீண்டபடியே தொங்கினாலோ, பழைய ரப்பர் பேண்ட் போல சட்டென்று அறுந்தாலோ, அந்த முடிக்கு இப்போது எந்த மருந்தும் ஆகாது. "இந்தத் தடவை வேண்டாம், ஆறு வாரம் புரோட்டீனும் கண்டிஷனரும் போட்டுவிட்டு வாங்க" என்று கையில் வரும் வேலையைத் தள்ளிப்போடுகிறவர் கிடைத்தால் அவரை விடாதே. என் கணக்கில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

அயர்ன் வைத்தால் சூடு எத்தனை என்று கேள். ரிலாக்ஸ் செய்த முடிக்கு 180 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் போதும், அதுவும் சூட்டிலிருந்து காக்கும் சீரம் தடவியபின். 230-இல் வைத்து இழுப்பவர் வேகத்துக்காக உன் முடியைச் செலவழிக்கிறார்.

இனி டச்-அப் நாள், அதாவது வேரில் வளர்ந்த புதுமுடிக்கு மட்டும் மறுபடி மருந்து போடும் நாள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 சென்டிமீட்டர்தான் வளரும். எட்டு வாரத்துக்கு முன் போனால் புதுமுடி இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு குட்டையான இடத்தில் பழைய முடியைத் தொடாமல் கிரீம் வைப்பது எந்தக் கைக்கும் கஷ்டம். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை விடு. நாலு வாரத்தில் "வேர் தெரியுது, வாங்க" என்று கூப்பிடுகிறவர் உன் முடியை நினைத்துக் கூப்பிடவில்லை. பன்னிரண்டைத் தாண்டி ரொம்பவும் இழுத்தடிக்காதே. சுருளும் நேரும் சந்திக்கும் கோட்டில் சிக்கு விழுந்து, சீவும்போதே அறும்.

போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தலைக்குக் குளிக்காதே, சொறியாதே, சீப்பை அழுத்தாதே. பின்னல் போட்டிருந்தால் ஒரு வாரம் முன்பே பிரித்துவிடு. தலைத்தோலில் ஊறியிருக்கும் இயற்கை எண்ணெய்தான் உனக்குக் கவசம். ரிலாக்ஸரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12-லிருந்து 14 வரை இருக்கும். கீறல் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வெந்துவிடும். ஆளைக் கண்டுபிடிக்க இதிலேயே ஒரு வழி இருக்கிறது. ரீபாண்டிங் செய்கிறவர்கள் முதல் வேலையாகத் தலையை ஷாம்பு போட்டு அலசுவார்கள், அவர்கள் முறை அது. உன்னையும் நேராக அலசும் தொட்டிக்கு அழைத்துப் போனால் எழுந்துவிடு. ஹைட்ராக்சைடு உலர்ந்த, அலசாத தலையில்தான் போடப்படும்.

டப்பாவை உன் கண் முன்னே திறக்கச் சொல். பெயரையும் வீரியத்தையும் படி. மைல்ட், ரெகுலர், சூப்பர் என்று மூன்று தரம் உண்டு. உன் மெல்லிய முடிக்கு மைல்ட், மிஞ்சினால் ரெகுலர். குவானிடின் வகை என்றால் கிரீமும் திரவமும் தனித்தனியாக வரும். இரண்டையும் அப்போதே கலக்க வேண்டும், நேற்றுக் கலந்த மிச்சம் ஆகாது. அது தலைத்தோலுக்குச் சற்று மென்மையானது, ஆனால் முடியில் கால்சியத்தைப் படியவிட்டு வறட்டும். அந்தப் படிவை எடுக்கத் தனி ஷாம்பு அவ்வப்போது வேண்டும். இரண்டுமே ஹைட்ராக்சைடு குடும்பம்தான் என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம்.

மருந்து தொடுமுன் தலைத்தோல், நெற்றியோரம், காது, கழுத்து எல்லாம் வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். ஏற்கெனவே ரிலாக்ஸ் ஆன நீளம் முழுவதும் கண்டிஷனரோ காப்புக் கிரீமோ கனமாகப் பூச வேண்டும். இந்த இரண்டாவது பூச்சைப் பலரும் தாண்டிவிடுவார்கள், நீயே கேட்டு வாங்கு. கிரீம் வழிந்தாலும், அலசும்போது ஓடி இறங்கினாலும் பழைய முடியைக் காப்பது அதுதான்.

தலையை நாலாகப் பிரித்து, அரை சென்டிமீட்டர் சொச்சம் அகலத்தில் வகுந்து வகுந்து வைக்க வேண்டும். எளிதில் மசியாத பின்பக்கத்தில் தொடங்கி, நெற்றியோரம் கடைசியில். தோலை ஒட்டி அப்பக்கூடாது. சற்றுத் தள்ளி வைத்தால் உடல் சூட்டில் கிரீம் தானே பரவும். புதுமுடி முடியும் கோட்டில் கை நிற்க வேண்டும். "கொஞ்சம் நுனிவரைக்கும் இழுத்துவிட்டா ஒரே மாதிரி இருக்கும்" என்று சீப்பால் வாரினால் தடுத்துவிடு. உன் தலைக்கு வரக்கூடிய கேட்டில் முக்கால்வாசி அந்த ஓர் இழுப்பில்தான் இருக்கிறது. தட்டிச் சமப்படுத்துவது சீப்பின் முதுகாலோ விரலாலோ, மெதுவாக.

முதல் துளி பட்டதிலிருந்து கடிகாரம் ஓட வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் பூசுவதும் தட்டுவதும் சேர்ந்தே முடிய வேண்டும், அதைத் தாண்டி ஒரு நிமிடம்கூட வேண்டாம். அந்த நேரத்தில் அவர் போன் பேசப் போவதும், உன்னை உதவியாளரிடம் விட்டு இன்னொரு தலைக்குப் போவதும் கூடாது. யார் கை வைப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். எரிந்தால் உடனே சொல், உடனே அலசச் சொல். "எரிஞ்சாதான் பிடிக்குது" என்பது பச்சைப் பொய். எரிவது தோல், அதற்கும் முடி நேராவதற்கும் சம்பந்தமே இல்லை. முடி எண்பது சதவீதம் நேரானதும் நிறுத்தச் சொல். லேசான வளைவு மிச்சம் இருக்கும் முடியில்தான் உறுதியும் மிச்சம் இருக்கும்.

அலசல் வெதுவெதுப்பான தண்ணீரில், சூடு ஆகாது. கிரீம் கண்ணுக்குத் தெரியாமல் போனபின்னும் சில நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும், முக்கியமாகப் பிடரியிலும் காதுக்குப் பின்னும். பிறகு நியூட்ரலைசிங் ஷாம்பு, குறைந்தது மூன்று தடவை. காரம் மிச்சம் இருந்தால் நுரை இளஞ்சிவப்பாகக் காட்டும் வகை ஒன்று உண்டு. நுரை வெள்ளையாகும்வரை விடக்கூடாது. மிச்சம் தங்கிய காரம் வீட்டுக்கு வந்தபிறகும் முடியைத் தின்றுகொண்டே இருக்கும். இங்கேயும் ஆளைக் கண்டுபிடிக்கலாம்: இந்த இடத்தில் பெராக்சைடு நியூட்ரலைசரை எடுத்து வந்தால் அவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். பூட்டுவதற்கு உன் முடியில் அந்தப் பிணைப்பு இல்லை. காரத்தைப் போக்க அமிலத்தன்மையுள்ள ஷாம்புதான் வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் உதிர்வதைக் கவனி. சீப்பில் வரும் முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது இயல்பாகக் கழன்றது, கவலை வேண்டாம். குமிழ் இல்லாமல் குட்டைக் குட்டையாக வந்தால் அறுந்தது. புதுமுடியும் பழைய முடியும் சேரும் கோட்டில் அறுந்தால் மருந்து பழைய முடியில் ஏறியிருக்கிறது. நுனிப்பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் சூடு. இதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டு. எடுத்துப் பார்த்து எங்கே பிசகியது என்று பேசுகிறவரிடம் தொடரலாம். உன் ஷாம்புவைக் குறை சொல்லி இன்னொரு பாட்டில் விற்கப் பார்க்கிறவரிடம் வேண்டாம்.

கலர் வேண்டுமென்றால் அமோனியா இல்லாத, வெளிர்க்காத வகை, டச்-அப் முடிந்து இரண்டு வாரம் கழித்து. பிளீச் வேண்டவே வேண்டாம்.

"கெரட்டின் போட்டால் எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். அவற்றில் பலவும் அயர்ன் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். டப்பாவில் மெத்திலீன் கிளைகால் என்று இருந்தால் அதுவும் இதே பொருள்தான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய ஒன்று அது. போடும்போது கண் எரிந்து தொண்டை கரகரத்தால் எழுந்து வெளியே வந்துவிடு. அதற்கு மாற்றாக வரும் கிளையாக்சிலிக் அமிலம் கலந்த சாமான்களைப் போட்டபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

ரிலாக்ஸரைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் பின்தொடர்ந்தார்கள். முடியை நேராக்கும் மருந்தைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் போட்டவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் தடவைகளைக் குறைக்க எனக்கு இந்தக் கணக்கே போதும். பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலே வருடத்துக்கு ஏறக்குறைய நாலோடு நிற்கும். ஒருநாள் நிறுத்திவிட நினைத்தாலும் நிறுத்து. புதுமுடியை வளரவிட்டுப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவர வேண்டும். அந்த இரண்டு வகை முடியையும் ஒரே தலையில் பராமரிக்கத் தெரியுமா என்றும் அவரிடம் இப்போதே கேட்டு வை.

ஒவ்வொரு தடவையும் தேதி, டப்பாவின் பெயர், வீரியம், எத்தனை நிமிடம், எங்கே எரிந்தது என்று போனில் குறித்துக்கொள். டப்பாவின் லேபிளை ஒரு படம் எடு. அவர் தனக்கென்று ஒரு அட்டையில் இதையே எழுதிக்கொள்கிறவராக இருந்தால் இன்னும் நிம்மதி. முதல் அலசலுக்குப் போய்விட்டு வந்ததும் அவர் என்னென்ன கேட்டார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா