அந்தப் பாட்டில் சாத்தான் இல்லை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், கிளார்க்ஸ்டேல் நகரின் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 61ஆம் நெடுஞ்சாலையும் 49ஆம் நெடுஞ்சாலையும் கூடும் இடத்தில் கம்பம் நட்டு, உச்சியில் நீல நிறக் கிதார்களை மாட்டி வைத்திருக்கிறீர்கள். கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பாடிய ராபர்ட் ஜான்சன் அந்த நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் வித்தையை வாங்கினார் என்ற கதையை நம்பித்தான் பலர் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாற்சந்தியில் பேய் நிற்கும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தக் கதையின் ருசி எனக்கும் தெரியும். ஆனாலும் பாட்டை ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள்.

1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் அவர் பதிவு செய்த 'கிராஸ் ரோட் புளூஸ்' என்ற நாற்சந்திப் பாட்டில் சாத்தான் வரவே இல்லை. ஒருவன் மண்டியிட்டு ஆண்டவரிடம் இரக்கம் கேட்கிறான். போகிற வண்டிகளுக்குக் கை காட்டுகிறான், ஒன்றும் நிற்கவில்லை. பொழுது சாய்கிறது. அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு சாலையில் தனியாக அகப்பட்ட கறுப்பின ஆணுக்கு என்ன நேரும் என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கும் மேற்கும் பார்க்கிறான்; இந்தத் துயரத்தில் துணைக்கு ஒரு பெண்ணும் இல்லையே என்கிறான். இதில் பேரம் எங்கே இருக்கிறது?

சாத்தான் வருவது 1937 ஜூனில் டல்லஸில் பதிவான 'மீ அண்ட் த டெவில் புளூஸ்' பாட்டில். அதிகாலையில் வந்து கதவைத் தட்டுகிறான். பாடுகிறவன் அவனோடு தோளுரசி நடக்கிறான். கூடவே, மனம் ஆறும்வரை என் பெண்ணை அடிப்பேன் என்கிறான். அவளை வதைப்பதற்குக் காரணம் மண்ணுக்கடியில் கிடக்கும் கெட்ட ஆவியாம்! அடிக்கிற கை இவனுடையது, பழி மட்டும் ஆவிக்கு. காதல் பாட்டுக்குள் சாத்தானை அழைத்து வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு அவன் ஒரு நல்ல சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜான்சனுக்குக் கிதார் வித்தை வந்த வழியில் மர்மம் ஒன்றும் இல்லை. ஐக் சிம்மர்மன் என்ற மூத்த கலைஞர் அவரை இரவில் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பழக்கினார். சத்தம் போடாதே என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ஆன்மாவை விற்றார் என்ற பேச்சு ஜான்சனின் மனைவி வீட்டு உறவினர்களிடமும் இருந்தது. 1930இல் அவருடைய இளம் மனைவி வர்ஜீனியா டிராவிஸ் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. கோயில் பாட்டை விட்டு பக்தி சாராத உலகப் பாட்டுப் பாடப் போனவனுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று வர்ஜீனியாவின் உறவினர் சிலர் பின்னாளில் சொன்னார்கள். அப்படிப் பாடப் போவதைத்தான் அவர்கள் வழக்கில் சாத்தானிடம் ஆன்மாவை விற்பது என்பார்கள். கேலிக்கும் பயத்துக்கும் நடுவில் புழங்கிய அந்தச் சொல்லை நீங்கள் அப்படியே கம்பத்தில் ஏற்றிவிட்டீர்கள். இறந்துபோன பெண்ணை யாரும் ஏற்றவில்லை.

கிதார்களை இறக்கச் சொல்லவில்லை. அவற்றுக்குக் கீழே ஒரு சிறு பலகைக்கு இடம் இருக்கும். அதில் வர்ஜீனியாவின் பெயரையும் 1930 என்ற ஆண்டையும் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து கேட்கும் ஒரு ரசிகன்