தம்பிக்கு, நான் வரவில்லை

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "லேடீஸ் இல்லத்துல தங்குற டைம் முடியுதாமே, வீட்டுக்கே வந்துடுக்கா, பிள்ளைங்களப் பார்த்துக்கவும் ஆள் வேணும்" என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வரவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நான் சரி என்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். இப்போது இருக்கும் ஊரையும் சொல்லப்போவதில்லை. சித்தப்பா மகள் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவாள் என்று தெரியும். நல்லா இருக்கியாம்மா?

நான் ஜெயிலிலிருந்து வெளியே வந்த வாரம் உன் வீட்டில் இருந்தேனே, பாமாயில் போடுகிறார்கள் என்று என்னை ரேஷன் கடைக்கு அனுப்பினாய். வரிசையில் நின்று கார்டைக் கொடுத்து, மிஷினில் விரலை வைத்தேன். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். புடவையில் துடைத்து வைத்தேன். உள்ளே தையலில் ஊசி ஏறிய விரல், அதனால் ரேகை தேய்ந்திருக்கும் என்று நினைத்து அடுத்த விரலையும் வைத்தேன். கடைக்காரர் கார்டில் இருந்த பெயர்களை, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாகப் படித்தார். உன் பெயர். உன் மனைவி பெயர். பெரியவன். சின்னவள். "இதுல நீங்க யாரும்மா?"

"அத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது?

அம்மா போனதும் அம்மா பெயரை எடுக்க மனு கொடுத்திருக்கிறாய். சரி. கையோடு என் பெயரையும் எடுத்துவிட்டாய். அம்மாவுக்கு இறப்புச் சான்றிதழ் வைத்திருப்பாய். எனக்கு என்ன காரணம் எழுதினாய்? திரும்பி வந்து, எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று உன் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தெரியாமலும் இருந்திருக்கலாம், பாவம்.

நீ கெட்டவன் இல்லை தம்பி. கல்யாணம் ஆகும்வரை, ஜெயிலில் என்னைப் பார்க்க மனுப் போடும் நாள் ஒன்றைக்கூட விட்டதில்லை. விடிகாலை பஸ் பிடித்து வேலூர் வந்து, தொரப்பாடியில் இறங்கி, பிஸ்கட்டும் சோப்பும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பாய். அந்தச் சத்தத்தில் நீ கத்திப் பேசிய பாதி எனக்குக் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவேன். வக்கீல் பீஸுக்கு நிலம் போனதில் உன் படிப்பும் போனது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்காத நாள் கிடையாது, மனசுக்குள். ஆனால் அந்த நிலத்தில் எனக்கும் பங்கு இருந்தது. மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தாயிற்று. "உன்னாலதான் நிலம் போச்சு" என்று பெரியப்பா சொன்னபோது, நீயாவது வாயைத் திறந்து "அக்கா பங்கும் அதுல இருக்கு" என்று சொல்லியிருக்கலாம்.

இல்லத்தை நீ ஏதோ அநாதை மடம் மாதிரி நினைக்கிறாய். நாட்டில் நூறு கைதிகளில் நாலு பேர்தான் பெண்கள். அதனாலோ என்னவோ, வெளியே வரும் எங்களுக்கென்று தனியாக வீடு கட்ட பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. புருஷனிடம் அடிபட்டு வந்தவர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் எல்லாருக்குமான இல்லத்தில் எங்களுக்கும் ஓர் இடம். சுவாதார் கிரஹ் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் விதிகளில், ஆதரவில்லாமல் சிறையிலிருந்து வரும் பெண்கள் என்று எங்களையும் சேர்த்திருந்தார்கள். மூன்று வருடம்வரை தங்கலாம், 55 வயது தாண்டியவர்கள் ஐந்து வருடம் என்று அதில் இருந்தது. 2022ல் அதை மிஷன் சக்தி என்ற பெரிய திட்டத்துக்குள் கொண்டுவந்து சக்தி சதன் என்று பெயர் மாற்றினார்கள். சாப்பாடு சுமார்தான். பாத்ரூமுக்குச் சண்டை. ஆனால் எந்த கேஸ் என்று யாரும் கேட்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அங்கே எனக்குக் கிடைத்தது முகவரி. பொறுப்பாளர் அம்மா கொடுத்த கடிதத்தை வைத்து ஆதாரில் மாற்றினேன். அப்புறம் பேங்க் கணக்கு, அப்புறம் கம்பெனியில் தையல் வேலை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் தர ஆரம்பித்தபோது மட்டும் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். அதற்கு ரேஷன் கார்டில் பெயர் வேண்டுமே.

இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு பார்த்துவிட்டோம். வீட்டுக்காரரிடம் கம்பெனியில் வேலை செய்பவர்கள் என்று சொல்லியிருக்கிறோம், அது உண்மையும்கூட. மீதியை இங்கே எழுதுவது நல்லதில்லை.

உன் பிள்ளைகளைப் பார்க்க ஆசைதான். சின்னவள் போனில் அத்தை என்று கூப்பிடும்போது வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால் நீ கூப்பிட்டது அக்காவையா, ஆயாவையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வந்து என்ன செய்வேன் என்றுதான் சொன்னாய், எந்த அறையில் படுப்பேன் என்று சொல்லவே இல்லை. இப்படி எழுதுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

ஒரு காரியம் செய். தனியாக ரேஷன் கார்டுக்கு எழுதிப்போடப் போகிறேன். பழைய கார்டில் பெயர் நீக்கியதற்கான காகிதம் கேட்கிறார்கள். உன்னிடம் நகல் இருந்தால் கொரியரில் அனுப்பு, செலவை ஜிபேயில் போட்டுவிடுகிறேன். காரணம் என்ற இடத்தில் நீ எழுதியதை அடிக்காமல் அப்படியே அனுப்பு.

அக்கா