தெரியாத சொல்லைக் கேட்டுவிடு

ரங்கூன்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் அத்தையும் தம்பியும் நலம். உன் நலமறிய ஆவல். இந்த வரியை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக உன் குரல் கேட்காத வீட்டிலிருந்து எழுதுகிறேன். மின்சாரம் நின்றுவிட்டது, இணையம் கிடைக்கவில்லை, உனக்குப் படிப்பு அதிகம் என்று அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு காரணம் சொல்லி வருகிறேன். அவளும் நம்பியவள்போல் இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் மூன்றரை மணிக்குக் கைப்பேசியைத் துடைத்துச் சாமி மாடத்துக்குக் கீழே வைக்கிறாள். இந்தக் கடிதத்தைத் தம்பி படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

அங்கே இங்கிலாந்தில் குளிர் இன்னும் விட்டிருக்காது. காலையில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே. நீ கடையில் கூடுதல் நேரம் நிற்பதாக ஒரு பேச்சு அம்மா காதுக்கு வந்திருக்கிறது. வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னவளே நீதான். சட்டம் படிக்கிற பிள்ளைக்கு நான் அதைத் திருப்பிச் சொல்வது அழகில்லை. வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாயா என்றும் நான் கேட்கவில்லை. போவாய். பணம் வேண்டுமானால் அதை மட்டும் எழுது. அம்மாவின் இரட்டைவடம் பெட்டியில் சும்மாதான் கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் ஒருவர், குடும்பம் நடத்துவதற்குச் சட்டம் எதற்கு, அதற்குக் கடல் கடந்து போய் மேற்படிப்பு எதற்கு என்று கேட்டார். நீ முதல் இரண்டு மாதங்களில் தொலைபேசியில் எனக்கு நடத்திய பாடத்தை நான் அவருக்கு நடத்தினேன். கஸ்டடி என்றால் நம் ஆட்கள் போலீஸ் பிடித்து வைப்பதைத்தான் நினைப்பார்கள். பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்கும் இங்கிலாந்தில் அந்தச் சொல்தான் இருந்தது, 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்தது, 2014-இல் வந்த சட்டம் அதையும் மாற்றியது, பிள்ளை பெற்றவரின் உடைமை அல்ல என்பதைச் சொல்லிலேயே காட்டத்தான் இத்தனை மாற்றமும் என்று விளக்கினேன். பழைய உயில்களில் ஒருவர் ‘இஷ்யூ’ இல்லாமல் இறந்தார் என்று வந்தால், பிரச்சினையில்லாமல் இறந்தார் என்று பொருளல்ல, பிள்ளையில்லாமல் இறந்தார் என்று பொருள் என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். உன்னால் நான் தலை நிமிர்ந்து வீடு திரும்பிய நாள் அது.

வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், பரீட்சைத் தாளில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நீ. சிறு வயதில் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டு வளர்ந்தவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்ப்புகளைப் பிரித்துப் பேசுவது எளிதல்ல. அவர்கள் ஒருமுறை படிக்கிற தீர்ப்பை நீ மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும், படி. யார் யாரிடம் எதைக் கேட்டார்கள் என்பதற்கு ஒருமுறை, நீதிபதி எந்த இடத்தில் மனம் திரும்பினார் என்பதற்கு ஒருமுறை, சொற்களுக்காக ஒருமுறை. சட்டப் பிரிவில் ‘ஷால்’ என்று இருக்கிறதா ‘மே’ என்று இருக்கிறதா என்று பார். ஒன்று நீதிபதியின் கையைக் கட்டுகிறது, மற்றது அவிழ்த்து விடுகிறது. இதுவும் நீ சொல்லித் தந்ததுதான். எழுதும்போது சிறு வாக்கியமாக எழுது. தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் புள்ளி வை, நான் உனக்குச் சிறு வயதில் பழக்கியதுபோல். ஆனால் புள்ளி வைத்ததோடு விட்டுவிடாதே. யாரிடமாவது கேட்டுவிடு. ஆசிரியரைக் கேள், பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கேள், சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்மேல் எனக்கு வருத்தமும் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்குப் பர்மா இந்துப் பெண்களின் மணவிலக்கை எடுத்துக்கொண்டாய். நல்ல பொருள், வேறு எவருக்கும் தோன்றியிருக்காது. 1898-ஆம் ஆண்டின் பர்மா சட்டங்கள் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, திருமணத்திலும் வாரிசுரிமையிலும் பௌத்தருக்குப் பௌத்த சட்டம், இந்துவுக்கு இந்து சட்டம் என்று வைத்தது. நாடு 1937-இல் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. இந்தியா 1955-இல் இந்து திருமணச் சட்டம் இயற்றித் தன் பெண்களுக்கு வழி திறந்தபோது, நாம் இங்கே பழைய சாஸ்திரத்தோடு நின்றுவிட்டோம். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி பெரியவர்கள் முன்னிலையில் கணவனோடு பேசி முடித்து, சேர்ந்து சம்பாதித்ததைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அன்று மாலையே மீன் வாங்கப் போனாள். அதே சந்தில் உன் அத்தை. இதையெல்லாம் நீ எழுதலாம். ஆனால் என்னைக் கேட்காமல் தம்பியைப் பிடித்து அத்தையோடு பேச ஏற்பாடு செய்தாயே, அது முறையா? வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பரீட்சைக்கு எழுதுவதா என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டது அதற்காக அல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீ கடைசியாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்ற சொல்லுக்குப் பாரபட்சமில்லாமல் என்று பொருள் சொல்லி, எல்லார் முன்னாலும் தவறிப்போனதாகச் சொன்னாய். சமரசம் பேசி எழுதுகிற கடிதத்தின் தலையில் அப்படிப் போடுவார்கள், பேச்சு முறிந்தால் அந்தக் கடிதத்தைத் தங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டக்கூடாது என்பதுதான் பொருள் என்று பாதி அழுகையோடு விளக்கினாய். நான் ‘சரி, வைக்கிறேன்’ என்று வைத்துவிட்டேன். நீ தலைகுனிந்ததற்காக நான் வெட்கப்பட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, அம்மா. அந்தச் சொல்லை நான் முன்பே பார்த்திருந்தேன்.

1984-இல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வக்கீல் கடிதம் வந்தது. உன் அத்தையின் கணவன் அங்கே போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மெல்லிய தாளில் தட்டச்சு செய்திருந்தார்கள். தட்டெழுத்தின் சில வட்டங்கள் மை அடைத்துக் கறுப்பாக இருந்தன. தலையில் அந்த இரண்டு சொற்கள். பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட 1965-இல் நான் நான்காம் வகுப்பு. என் ஆங்கிலம் அதோடு சரி. ஆனாலும் அரிசிக் கிடங்கில் கணக்கெழுதியதால் தெருவில் எனக்கு இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பெயர், மருந்துப் புட்டியைக்கூட என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அகராதியைப் பார்த்தேன், தப்பெண்ணம், பாதகம் என்று இருந்தது. கடிதத்தில் 14 புள்ளிகள் வைத்தேன். நாலாவது வீட்டில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருந்தார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வாசல்வரை போனேன். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே என்று திரும்பி வந்தேன். கடிதத்தில் எனக்குப் புரிந்தவை உரிமை, நீதிமன்றம், 30 நாள் என்ற மூன்றும்தான். அவன் மிரட்டி எழுதியிருக்கிறான், பதில் போட்டால் நம்மை வழக்கில் இழுப்பான் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது 24 வயது. நான் சொன்னதை நம்பினாள்.

நீ பேசிய அன்று இரவு, பழைய குடும்பப் பட்டியலுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தேன். ‘மியூச்சுவல் கன்சென்ட்’ என்ற சொற்களின் கீழே என் பென்சில் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. இந்தியச் சட்டத்தில் 1976-இல் சேர்த்தது, கணவனும் மனைவியும் சேர்ந்தே மனு கொடுத்துப் பிரியலாம் என்று நீ சொன்னாயே, அதுதான். ஒரு தொகையும் எழுதியிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று கேட்டவனுக்கு நான் பதிலே போடவில்லை. பெகு ஊர்க்காரர் ஒருவர் உன் அத்தையைப் பெண் கேட்டு வந்தபோது, அவள் இன்னொருவன் மனைவி என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் யார்மேலும் குற்றம் சொல்லாமல், 20 வாரமும் அதன்மேல் 6 வாரமும் காத்திருந்தால் மணவிலக்குக் கிடைக்கும் என்று நீ சொன்ன நாளில், இவ்வளவு சுலபமா என்று நான் கேலி செய்தேன். உன் அத்தை இன்னும் ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறாள்.

படமெடுக்கும்போது தம்பி இதைப் படித்துவிடுவான். படிக்கட்டும். அம்மாவிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை, விளக்கை மட்டும் அணைத்தாள். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, ‘இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் அண்ணே, நான் கேட்டதாகவும் எழுதுங்கள்’ என்கிறாள். எழுதிவிட்டேன்.

அந்தக் கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் இதோடு அனுப்பச் சொல்கிறேன். முழுவதையும் படி. அப்போது நாங்கள் சம்மதித்து அங்கே தீர்ப்புக் கிடைத்திருந்தால் அது இந்த நாட்டில் செல்லுபடியாகியிருக்குமா, இப்போது செய்வதற்கு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்பதையும் பார். அடுத்த ஞாயிறு உங்கள் காலை ஒன்பது மணிக்கு அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காத்திருப்பேன். நீ வரி வரியாகத் தமிழில் சொல். நானும் அவளோடு சேர்ந்து கேட்கிறேன். அதில் உனக்குத் தெரியாத சொல் ஏதேனும் இருந்தால், உன் ஆசிரியரைக் கேட்டுவிட்டு வந்து சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா.